இனிப்புநீர்க் கால்புண்ணுக்கு லேசர், கரண்டு சிகிச்சை செய்யலாமா?

கேள்வி: அப்பாவுக்கு இனிப்புநீர் (நீரிழிவு). உள்ளங்காலில் மூன்று மாதமாக ஒரு புண் ஆறவே இல்லை. லேசர் ஒளியும் மின்தூண்டலும் கொடுத்தால் ஆறிவிடும் என்று ஒரு தனியார் மையத்தில் சொல்கிறார்கள். 10 தடவைக்கு மொத்தமாகப் பணம் கட்டலாமா?

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள். நாங்கள் கட்டினோம், அதனால்தான் சொல்கிறேன்.

எங்களுக்கு மலேசியாவில் சுங்கை சிப்புட். அம்மா பால்மரம் சீவியவர். மரத்தை அழித்துச் செம்பனை நட்ட பிறகு உதிர்ந்த பழம் பொறுக்கப் போனார். பூட்ஸுக்குள் கிடந்த ஒரு சின்னக் கல்லோடு நாள் முழுக்க நடந்திருக்கிறார். வலி தெரியவில்லை. சாயந்திரம் காலுறையில் ரத்தத்தைப் பார்த்துதான் எங்களுக்கே தெரிந்தது. பெருவிரலுக்குக் கீழே, முழு எடையும் விழுகிற இடத்தில் புண்.

இரண்டு மாதம் ஆகியும் ஆறாததால் பக்கத்து ஊரில் ஒரு மையத்துக்குக் கூட்டிப் போனோம். சிவப்பு ஒளி கொஞ்ச நேரம், புண்ணைச் சுற்றிப் பட்டை ஒட்டி மெல்லிய கரண்டு கொஞ்ச நேரம். வாரம் மூன்று தடவை. வீட்டிலிருந்து பஸ் நிற்கும் இடம் வரை, அங்கே இறங்கி மையம் வரை, அம்மா அதே காலால், அதே சிலிப்பரில் நடந்து போனார். ஆற்றுவதற்கென்று போன வழியெல்லாம் புண்ணை மிதித்துக்கொண்டே போயிருக்கிறோம். காலில் எடை ஏறக்கூடாது என்று அங்கே ஒருவர்கூடச் சொல்லவில்லை. இன்றைக்கும் எனக்கு ஆறாத வருத்தம் அது.

இந்தச் சிகிச்சைகளுக்கு அடிப்படையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 1967இல் ஹங்கேரி மருத்துவர் எண்ட்ரே மெஸ்டர், மயிர் மழித்த எலிகள் மேல் லேசர் பாய்ச்சிப் பார்த்தபோது அந்த இடத்தில் மயிர் சீக்கிரம் வளர்ந்தது. பிறகு புண்ணுக்கும் முயன்றார். சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவைத் தூண்டிச் சக்தி உற்பத்தியைக் கூட்டுகின்றன என்பது விளக்கம். கரண்டு விஷயமும் அப்படித்தான்: தோல் கிழிந்த இடத்தில் உடம்பே ஒரு மெல்லிய மின்னோட்டத்தை உண்டாக்குகிறது, அதைப் பின்பற்றித் தோல் செல்கள் நகர்கின்றன. வெளியிலிருந்து கொடுக்கும் கரண்டு அதற்குத் துணை.

ஆனால் மனிதர்கள் மேல் நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. ஒளியின் அலைநீளம், அளவு, எத்தனை நாள் என்பதெல்லாம் ஆய்வுக்கு ஆய்வு வேறு. நீரிழிவுப் பாதத்துக்கான சர்வதேசப் பணிக்குழு 2023 வழிகாட்டியில், இப்படிப்பட்ட சிகிச்சைகளைப் புண் ஆற்றப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பும் மின்தூண்டலை ஆய்வுக்கு வெளியே கொடுக்க வேண்டாம் என்கிறது.

அம்மாவுக்கு வேலை செய்தது சாதாரண விஷயங்கள். அரசாங்கக் கிளினிக்கில் புண் கட்டும் மிஸி (நர்ஸ்) முதல் நாளே புண்ணைச் சுற்றிக் கட்டியாக நின்ற காய்ப்பைச் செதுக்கி எடுத்தார். காலில் நாடி பார்த்தார், நைலான் இழையால் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று சோதித்தார். அப்புறம் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே எக்ஸ்ரே எடுத்து எலும்பில் கிருமி இருக்கும் அறிகுறி இல்லை என்று பார்த்துவிட்டு, முழங்கால் வரை கழற்ற முடியாத கட்டுப் போட்டார்கள். உள்ளங்கால் புண்ணுக்கு முதல் மருந்தே எடையை எடுப்பதுதான். கழற்ற முடிந்தால் அம்மா கழற்றியிருப்பார், சமையல்கட்டுக்குப் போக எதற்கு அது என்று. கட்டை வாரா வாரம் மாற்றினார்கள். மூன்றாவது வாரத்தில் புண் சுருங்கியது கண்ணுக்கே தெரிந்தது.

அப்பாவுக்கு ரத்த ஓட்டம் பார்த்தார்களா? முதலில் அதைக் கேளுங்கள். ரத்தம் போகாத காலில் எந்த விளக்கும் புண்ணை ஆற்றாது. அப்படிப்பட்ட காலுக்கு, நான் சொன்ன கழற்ற முடியாத கட்டும் பொருந்தாமல் போகலாம். வாரம் ஒரு தடவை பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். நல்ல கவனிப்பு கொடுத்தும் நான்கு வாரத்தில் பாதியளவாவது சுருங்காவிட்டால் வைத்தியத்தை மறுபடி யோசிக்க வேண்டும்.

அதற்குப் பிறகும் மருத்துவரே ஒளியோ கரண்டோ சேர்க்கலாம் என்றால் சரி. பேஸ்மேக்கர் இருந்தாலும், எலும்பில் கிருமி இருந்தாலும், அந்த இடத்தில் புற்றுநோய் இருந்தாலும் கரண்டு கூடாது. பாசார் மாலத்தில் (இரவுச் சந்தையில்) விற்கும் கால் மசாஜ் மெஷினும் சூட்டு விளக்கும் கிட்டேயே வரக்கூடாது. உணர்ச்சியில்லாத கால் வெந்து போனாலும் அவருக்குத் தெரியாது.

சிவப்பு பரவினால், நாற்றம் வந்தால், காய்ச்சல் அடித்தால், விரல் கறுத்தால் அன்றைக்கே எமர்ஜென்சிக்குக் கூட்டிப் போங்கள். கிளினிக் தேதிக்குக் காத்திருக்காதீர்கள்.

அப்பாவுக்குப் புண் சரியாக எந்த இடத்தில், இப்போது என்ன போட்டு நடக்கிறார் என்று எழுதுங்கள். எங்கள் அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.