ஆட்டுப் புழுவுக்கு 'ஜீன் ஸ்ட்ரிப்' வாங்கலாமா?

கேள்வி: 40 வெள்ளாடுகள் வளர்க்கிறேன். மாதாமாதம் புழு மருந்து கொடுத்தும் இளைத்துப் போகின்றன. இரண்டுக்குத் தாடை வீங்கியிருக்கிறது. புழுக்கையைக் கரைத்து விட்டால் நிறம் மாறிப் புழுவைக் காட்டும் 'செயற்கை உயிரியல்' (மரபணுவை மாற்றியமைத்த கிருமியால் வேலை செய்யும்) ஸ்ட்ரிப் இருக்கிறது, மருந்தும் சேர்த்துத் தருகிறேன் என்கிறார் ஒருவர். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள்.

அந்த அறிவியல் பொய்யில்லை. மனிதத் தோலைத் துளைத்து நுழையும் ஷிஸ்டோசோமா புழுவின் குஞ்சு, நத்தையிலிருந்து வெளியேறித் தண்ணீரில் நீந்தும். அது சுரக்கும் நொதி பட்டதும் அடையாளம் காட்டும்படி பாக்டீரியாவை மாற்றியமைக்கலாம் என்று லண்டன் இம்பீரியல் கல்லூரி மாணவர்கள் 2010-இல் திட்டமிட்டார்கள். அது நடக்கும் என்று அங்கிருந்தே 2016-இல் ஆய்வுக் கட்டுரையும் வந்தது. ஆனால் அது வேறு புழு. புழுக்கையோ நாரும் தழையும் கோடிக்கணக்கான கிருமிகளும் கலந்தது. அதில் இதை வேலை செய்ய வைப்பது பெரிய பாடு. உங்கள் ஆட்டுக்கு இது இன்னும் ஆய்வக வாசலைத் தாண்டவில்லை.

'மருந்தும் சேர்த்துத் தருகிறேன்' என்றாரே, அதுதான் எனக்குக் கவலை. புழு இருக்கிறது என்று சொல்பவரே மருந்தையும் விற்கக் கூடாது. இப்படிப்பட்டவர்கள் செம்மறிக்கு எழுதிய அளவையே வெள்ளாட்டுக்கும் ஊற்றச் சொல்கிறார்கள். வெள்ளாட்டின் உடல் பல புழு மருந்துகளைச் சீக்கிரம் வெளியேற்றிவிடும். அந்த அளவு போதாது. குறைந்த அளவில் ஒரே மருந்தை மாதாமாதம் கொடுத்தால் சாகாமல் தப்பும் புழுக்கள்தான் பெருகும். உங்கள் பட்டியிலும் அதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதற்காக நீங்களே அளவைக் கூட்டிவிடாதீர்கள். லெவாமிசோல் போன்ற புழு மருந்து கொஞ்சம் மிஞ்சினாலும் ஆபத்து.

இரைப்பையில் ரத்தம் உறிஞ்சும் ஹீமாங்கஸ் புழு ஒன்று நாளைக்கு 0.05 மில்லி குடிக்கும். ஆயிரம் இருந்தால் 50 மில்லி. பெண் புழு தினமும் 5,000 முட்டைக்கு மேல் இடுவதால், புழுக்கையில் அந்த முட்டையைப் பார்க்கச் சாதாரண மைக்ராஸ்கோப்பே போதும். மருந்து கொடுக்கும் அன்றும் 14 நாள் கழித்தும் முட்டையை எண்ண வேண்டும். 95 சதவீதம் குறையவில்லை என்றால் அந்த மருந்து உங்கள் பட்டியில் செத்துவிட்டது. இவ்வளவு எளிய சோதனைக்கான மைக்ராஸ்கோப் எத்தனையோ கால்நடை மருந்தகங்களில் உறை போட்டுப் பூட்டிக் கிடக்கிறது. முகாம் போட்டு எல்லா ஆட்டுக்கும் ஒரே மருந்தை ஊற்றிக் கணக்கு எழுதுகிறார்கள், எண்ணிப் பார்க்க ஆளில்லை. எத்தனை வருடமாகச் சொல்வது!

முட்டை எண்ணும் சோதனைக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஆடுகள் ஏரிக்கரை, வயல் வாய்க்கால் ஓரம் மேய்ந்தால் ஆம்பிஸ்டோம் தட்டைப்புழு வரும். அதன் குஞ்சுகள் சிறுகுடலை அரிக்கும்போதே ஆடு தண்ணீராய், கடும் நாற்றத்தோடு கழியும், தாடை வீங்கும், செத்தும் போகும். அந்தக் கட்டத்தில் முட்டையே இருக்காது. சோதனையில் 'புழு இல்லை' என்று வரும், நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். கழிச்சலை அலசிப் பார்த்தால் இளஞ்சிவப்பாகச் சிறு புழுக்கள் தெரியலாம். இதற்கு அல்பெண்டசோல் உதவாது, ஆக்ஸிகுளோசனைடு வேண்டும். மேய்ச்சல் இடத்தை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

தாடை வீங்கிய இரண்டையும் இன்றே கால்நடை டாக்டரிடம் கொண்டுபோங்கள். மற்றவற்றின் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். உள்ளே வெளுத்திருப்பவை அடுத்து. பத்து ஆடுகளிடம் ஆசனவாயிலிருந்தே புழுக்கை எடுத்து, தனித்தனி பாலிதீன் பையில் காற்றைப் பிதுக்கிக் கட்டி, வெயில் படாமல் அன்றே கொடுத்துவிடுங்கள். தரையில் கிடந்தது வேண்டாம்.