கட்டிய புரதத்தை செல் ஏன் உடைக்கிறது?

கேள்வி: செல் பிரியும்போது, தானே பாடுபட்டுச் செய்த புரதங்களை உடைத்துப் போடும் என்கிறாள் பிளஸ் டூ படிக்கும் என் மகள். எதற்கு இந்த வீண்வேலை?
– ஒரு வாசகி, தக்கலை

பதில்: வீண்வேலையே இல்லை, சகோதரி. உங்கள் பக்கம் திருவிழாக்களில் சமபந்தி விருந்துக்கு டோக்கன் கொடுத்தால், உட்காரும்போதே வாங்கிக் கிழித்துவிடுவார்கள், அதே டோக்கனோடு மறுபடி வர முடியாது. செல் பிரிவதற்கு முன் நடக்கும் டி.என்.ஏ. நகலெடுப்பிலும் இதேதான். எங்கெங்கே நகலெடுப்பு தொடங்கலாம் என்று முன்கூட்டியே அனுமதி போட்டு வைக்க சிடிடி1 என்ற புரதம் வேண்டும். வேலை தொடங்கியதும் செல் அதை உடைத்துவிடும். விட்டுவைத்தால் ஒரே பகுதி இரண்டு தடவை நகலாகி, டி.என்.ஏ. சேதமாகி, புற்றுநோய்க்குக்கூட வழி திறக்கலாம்.

உடைக்க வேண்டிய புரதத்தின் மேல் யுபிக்விட்டின் என்ற, 76 அமினோ அமிலங்கள் கொண்ட குட்டிப் புரதம் சங்கிலியாக ஒட்டப்படும். அந்த அடையாளத்தைப் பார்த்து, பீப்பாய் மாதிரி இருக்கும் புரோட்டியசோம் உள்ளே இழுத்து நறுக்கிவிடும். இதைக் கண்டுபிடித்த மூவருக்கு 2004இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

அப்புறம் செல் பிரியும் நேரம். நகலெடுத்து இரட்டையான குரோமோசோம்களை (டி.என்.ஏ. சுருண்ட கட்டுகளை) கோஹீசின் என்ற வளையம் சேர்த்துப் பிடித்திருக்கிறது. அதை வெட்டும் செப்பரேஸ் தயாராகத்தான் இருக்கும், ஆனால் செக்யூரின் அதன் வாயைக் கட்டி வைத்திருக்கும். எல்லா குரோமோசோமும், அவற்றை இரு பக்கமும் இழுக்கும் இழைகளில் சரியாக மாட்டிய பிறகுதான் செக்யூரின் உடைக்கப்படும், வளையம் அறுபடும், ஜோடிகள் பிரியும். கூடவே, செல்லைப் பிரியத் தூண்டும் சைக்ளின் என்ற புரதமும் உடைக்கப்பட்டுப் போய்விடும். முட்டம் பாறை இடுக்குகளில் முள்பந்து மாதிரி ஒட்டியிருக்குமே கடல் முள்ளெலி, அதன் வேறொரு இனத்தின் முட்டைகளில்தான் 1982இல் விஞ்ஞானி டிம் ஹன்ட் இந்த சைக்ளினைக் கண்டார்: ஒவ்வொரு பிரிவுக்கும் முன்னால் அது சேர்ந்துகொண்டே வரும், பிரியும்போது திடீரென்று காணாமல் போகும்!

புரதத்தை உடைக்காமல், ஸ்விட்ச் மாதிரி சும்மா அணைத்து வைத்தால் போதாதா என்று மகள் கேட்கலாம். அணைத்ததைச் சட்டென்று திரும்பப் போட்டுவிட முடியும். உடைத்ததைப் புதிதாகத்தான் செய்ய வேண்டும், அதற்குள் செல் அடுத்த கட்டத்துக்குப் போய்விடும்.

கேள்வி: அப்படியானால் இந்த உடைப்பைத் தடுத்துப் புற்றுநோய் செல்லைக் கொல்லலாமா?
– கல்லூரி மாணவர், மார்த்தாண்டம்

பதில்: சிலவற்றில் முடியும், தம்பி. புரோட்டியசோமை அடைக்கும் போர்ட்டெசோமிப் என்ற மருந்துக்கு, மல்டிபிள் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்காக 2003இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்த செல்கள் ஓயாமல் புரதம் செய்பவை. கழிவை அகற்ற வழியில்லாமல் போனால் மற்ற செல்களைவிட சீக்கிரம் திணறிச் சாகும்.