அந்தக் கிணறும் கப்பலில் வந்ததுதான்

கேள்வி: ஆஷ்லி ஆட்ரெய்ன் என்ற கனடா எழுத்தாளரின் இரண்டு நாவல்களையும் என் மருமகள் ராத்திரி விளக்கை அணைக்காமல் படிக்கிறாள். வாங்கிப் பார்த்தேன். பிள்ளையைப் பிடிக்காத அம்மா, பிள்ளையிடம் கத்துகிற அம்மா! தாய்மையைக் காட்டிப் பயமுறுத்தியே ஒருவர் பிழைப்பு நடத்தலாமா? தாயைத் தெய்வமாகக் கும்பிடுகிற வீட்டில் இந்த வெள்ளைக்காரச் சரக்கு எதற்கு?
வாசகர், சாட்ஸ்வர்த், தென்னாப்பிரிக்கா

பதில்: உங்கள் ஆயா உங்களுக்கு நல்லதங்காள் கதை சொல்லவே இல்லையா? என் ஆயா சொன்னாள். மவுன்ட் எட்ஜ்கோம்பு கரும்புத் தோட்டத்தில் பிறந்தவள், எழுதப் படிக்கத் தெரியாது. பஞ்சத்தில் அண்ணன் வீட்டை நம்பிப் போன நல்லதங்காளை அண்ணி மூளி அலங்காரி படுத்திய பாடு, அப்புறம் அந்தக் கிணறு, ஏழு பிள்ளைகள், ஒவ்வொன்றாக. மூத்தவன் தப்பி ஓடுகிறான், பெற்றவளே அவனை இழுத்து வந்து போடுகிறாள். அந்த இடம் வந்ததும் ஆயா குரலை இறக்கிவிடுவாள், எங்களுக்குத் தூக்கம் போய்விடும். வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோயிலே இருக்கிறது. 1860க்குப் பிறகு நம் ஆட்கள் கப்பலில் வந்து இங்கே நேட்டாலில் இறங்கியபோது இந்தக் கதையும் மூட்டையோடு இறங்கியதுதான், டொராண்டோவிலிருந்து யாரும் அனுப்பவில்லை.

தெய்வம் என்கிறீர்கள். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறோமே, அம்மை போட்டுவிடுவாள் என்ற பயத்தில் ஆரம்பித்ததுதானே அது? போடுகிறவளும் அவள், இறக்குகிறவளும் அவள்.

சரி, ஆட்ரெய்னுக்கு வருவோம். பெங்குவின் கனடாவில் விளம்பரப் பிரிவுக்குத் தலைமை வகித்தவர், புத்தகம் எப்படி விற்கும் என்று தெரிந்தவர். மறுக்கவில்லை. ஆனால் 2021ல் வந்த 'தி புஷ்' விளம்பரத்தால் மட்டும் ஓடிய புத்தகம் இல்லை. பேய் கிடையாது, துப்பறிகிறவர் கிடையாது. என் மகளிடம் ஏதோ சரியில்லை என்று ஒரு தாய் சொல்கிறாள், சரியில்லாதது நீதான் என்கிறான் புருஷன். நாவல் முழுக்க பிரிந்துபோன அந்தப் புருஷனிடம் 'நீ, நீ' என்று பேசுவதாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது, அதனால் அவன் பக்கம் நின்று சந்தேகப்படுவதா, இவள் பக்கம் நின்று பயப்படுவதா என்று தெரியாமல் நாமும் முழிக்கிறோம். நடுநடுவே அவளுடைய அம்மா, அம்மாவின் அம்மா, ஒருத்தி ஒருத்திக்குக் கொடுத்துவிட்டுப் போனது. திகில் என்று நான் சொல்வது இதைத்தான். பிள்ளை பெற்று மூன்று மாதமாக அழுதுகொண்டிருக்கிறவளிடம் 'ஊர்ல யாரும் பெறாததையா நீ பெத்துட்டே' என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போகிற வீடு எதுவும் உங்களுக்குத் தெரியாதா?

2023ல் வந்த 'தி விஸ்பர்ஸ்' எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. ஒரு விருந்தில் அம்மா பிள்ளையிடம் கத்துவது ஜன்னல் வழியாக எல்லோருக்கும் கேட்டுவிடுகிறது, சில மாதம் கழித்து அந்தப் பையன் மாடி ஜன்னலிலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், தெருவே அவளைப் பார்க்கிறது. ஒரே சுவரை இரண்டு குடும்பம் பங்கு போட்டுக்கொள்கிற சாட்ஸ்வர்த் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆனால் பெண்கள் கூட்டம் அதிகம், முடிச்சும் அதிகம், முதல் நாவலில் இருந்த மூச்சுமுட்டல் இதில் இல்லை. இதே அம்மாவையே திரும்பத் திரும்ப எழுதினால் நானும் கொட்டாவி விடுவேன்தான். அது கைத்திறமை பற்றிய குறை, பண்பாடு கெட்டுப்போவதோடு அதற்குச் சம்பந்தமில்லை.

பெற்றவள் இப்படி எழுதலாமா என்று அடுத்து கேட்பீர்கள். அமெரிக்க எழுத்தாளர் லயனல் ஷ்ரைவர் பிள்ளையே பெற்றுக்கொள்ளாத பெண். பள்ளிக்கூடத்தில் கொலை செய்த மகனைப் பற்றி ஒரு தாய் எழுதும் கடிதங்களாக 2003ல் ஒரு நாவல் போட்டார், பல பதிப்பாளர்கள் வேண்டாம் என்றார்கள், 2005ல் அதற்கே பெண் எழுத்தாளர்களுக்கான ஆரஞ்சு பரிசு. பெற்றவள் எழுதினால் நன்றிகெட்டவள், பெறாதவள் எழுதினால் உனக்கென்ன தெரியும். வேறு யார்தான் எழுதுவது, நீங்களா?

போகட்டும். மருமகள் என்ன படிக்கிறாள் என்று வாங்கிப் பார்த்தீர்கள். ராத்திரி ஏன் தூங்கவில்லை என்று கேட்டீர்களா? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா இல்லையா என்றுகூட உங்கள் கடிதத்தில் இல்லை.