'க்யூர்' முடிவு புரியவில்லை என்றவருக்கு

"ஒன்றுமே நடக்கவில்லை, கடைசிக் காட்சியும் விளங்கவில்லை" என்று எழுதியிருந்தீர்கள். ஜப்பானிய இயக்குநர் கியோஷி குரோசாவாவின் 1997 கொலை மர்மப் படம் இது. கொலையாளி யார் என்று தேடிக்கொண்டே பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும், அதைப் படமே சீக்கிரம் காட்டிவிடுகிறது.

மறுபடி பார்க்கும்போது ஹெட்ஃபோன் போட்டு, இருட்டறையில், ஒரே மூச்சில் பாருங்கள். பின்னணி இசை மிகக் குறைவு. தாழ்ந்த இரைச்சல்தான் பயத்தைக் கட்டுகிறது, அது ஃபோன் ஸ்பீக்கரில் காணாமல் போய்விடும். மற்றவர்களை மனவசியப்படுத்திக் கொலை செய்யவைக்கும் மாமியா பேச ஆரம்பித்தால் லைட்டர் தீயையும் தண்ணீரையும் கவனியுங்கள். மனவசியம் அங்கேதான் தொடங்குகிறது. "நீ யார்?" என்று அவன் திரும்பத் திரும்பக் கேட்பதும் அதில் சேர்த்திதான். போலீஸ்காரர் சக போலீஸ்காரரைச் சுடும் காட்சியில் கேமரா தள்ளியே நிற்கிறது. க்ளோசப்பும் இல்லை, அதிரும் இசையும் இல்லை. தினசரி வேலைபோல நடப்பதால்தான் வயிற்றைப் பிசைகிறது. வழக்கை விசாரிக்கும் துப்பறிவாளர் தகாபேயின் மனைவி துணியே இல்லாமல் துணி உலர்த்தும் இயந்திரத்தை ஓடவிடுவதையும், தகாபே ஒவ்வொரு தடவையும் வந்து அதை அணைப்பதையும் விட்டுவிடாதீர்கள். அவருக்குள் அடங்கிக் கிடக்கும் கோபத்துக்கு அதுதான் தடயம்.

இனி முடிவு (பார்க்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்). ஓர் உணவகத்தில் முன்பு தகாபே சாப்பாட்டைத் தொடாமல் வைத்திருப்பார். கடைசியில் அதே உணவகத்தில் தட்டு காலி, முகத்தில் நிம்மதி. அவரிடமிருந்து விலகிப் போகும் பணிப்பெண் கத்தியை எடுக்கிறாள். மாமியாவின் வேலை தகாபேயிடம் கைமாறிவிட்டது என்பதே என் வாசிப்பு. அந்தக் கத்தி சில நொடிதான் தெரியும், அதனால் பலர் தவறவிடுகிறார்கள்.