பாலிப் எடுத்தாயிற்று, அடுத்த கொலனோஸ்கோபி எப்போது?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. மலத்தில் ரத்தம் வந்ததால் கொலனோஸ்கோபி செய்தோம். சிக்மாய்டு பகுதியில் (மலக்குடலுக்கு முந்தைய வளைவு) 8 மி.மீ. பாலிப், அதாவது குடலின் உள்சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சி, ஒன்று, மலக்குடலில் 3 மி.மீ. ஒன்று, இரண்டையும் எடுத்துவிட்டார்கள். பயாப்ஸியில் பெரியது "ட்யூபுலர் அடினோமா, லோ கிரேடு டிஸ்பிளாசியா", சின்னது "ஹைப்பர்பிளாஸ்டிக்". இது கேன்சரா? வருஷா வருஷம் குழாய் விட்டுப் பார்க்கணும் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். எனக்கு 33 வயது, நானும் செய்துகொள்ள வேண்டுமா?

பதில்: கேன்சர் இல்லை. வருஷா வருஷமும் வேண்டாம்.

ரிப்போர்ட்டில் எல்லோரையும் பயமுறுத்துவது டிஸ்பிளாசியா என்ற சொல்தான். அடினோமா என்பது பாலிப்பில் ஒரு வகை. அடினோமா என்றாலே செல்களில் கொஞ்சம் ஒழுங்கு குலைந்திருக்கும், அதைத்தான் அப்படி எழுதுகிறார்கள். லோ கிரேடு என்றால் ஆரம்ப நிலை. இப்படிப்பட்ட ஒன்றை விட்டுவைத்தாலும் பெரும்பாலானவை கேன்சராக மாறுவதில்லை, மாறுகிற சிலவற்றுக்கும் பொதுவாகப் பத்து வருஷம் போல ஆகும். அப்பாவுக்கு அதையும் எடுத்தாயிற்று. ஹைப்பர்பிளாஸ்டிக், அதாவது சாதுவான வகை, என்று வந்த அந்த 3 மி.மீ. சமாச்சாரத்தை, அதுவும் மலக்குடலில் இருந்ததை, மறந்துவிடலாம்.

அடுத்த பரிசோதனைத் தேதியை முடிவு செய்வது பாலிப் இருந்ததா இல்லையா என்பது இல்லை. எத்தனை, எவ்வளவு பெரிசு, பயாப்ஸியில் என்ன வகை, முழுசாக வந்ததா என்பதுதான். 10 மி.மீ.க்குக் குறைவான ட்யூபுலர் அடினோமா ஒன்றோ இரண்டோ இருந்தால் 7 முதல் 10 வருஷம் கழித்துப் பார்த்தால் போதும் என்கிறது 2020-இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல். அதே வருஷம் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல் இன்னும் தாராளம், இதற்கெல்லாம் தனியாகக் கண்காணிப்பே தேவையில்லை என்று விட்டுவிட்டது. அப்பா இந்தக் கணக்கில்தான் வருகிறார். ஆனால் 10 மி.மீ. அல்லது அதற்கு மேல், வில்லஸ் அம்சம் (விரல் விரலாக நீண்ட திசு அமைப்பு), ஹை கிரேடு டிஸ்பிளாசியா, இதில் ஏதாவது ஒன்று இருந்திருந்தால் 3 வருஷம் என்று சொல்லியிருப்பேன். 20 மி.மீ.க்கு மேற்பட்டதைத் துண்டு துண்டாக எடுத்திருந்தால் 6 மாதத்திலேயே அந்த இடத்தை மறுபடி பார்க்க வேண்டும். காளான் மாதிரிக் காம்போடு நிற்பதைச் சுருக்குப் போட்டு ஒரே துண்டாக எடுப்பது சுலபம். தட்டையாகப் படர்ந்திருப்பதைக் கண்டுபிடிப்பதே சிரமம், எடுப்பதும் சிரமம்.

இதெல்லாம் குடல் சுத்தமாக இருந்து, முழுசாகப் பார்த்திருந்தால்தான் செல்லும். அதனால் கொலனோஸ்கோபி ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துப் பாருங்கள். சீக்கம் வரை, அதாவது பெருங்குடல் தொடங்கும் இடம் வரை, போனதாக எழுதியிருக்க வேண்டும். குடல்வால் துவாரத்தின் படம் ஒட்டியிருந்தால் இன்னும் நல்லது. குடல் எவ்வளவு சுத்தமாக இருந்தது என்று காட்ட பாஸ்டன் ஸ்கோர் என்று ஒரு எண் இருக்கும், மொத்தம் 9-க்கு 6-க்குக் குறையக்கூடாது, பெருங்குடலின் மூன்று பகுதியில் ஒவ்வொன்றிலும் 2-ஆவது வேண்டும். 'பிரிப்பரேஷன் சரியில்லை', அதாவது குடல் சுத்தமாகவில்லை, என்று எழுதியிருந்தால் நான் மேலே சொன்ன 7 வருஷக் கணக்கெல்லாம் கிடையாது, ஒரு வருஷத்துக்குள் திரும்பச் செய்வதுதான் சரி. 'கோல்டு ஸ்னேர்' என்று இருந்தால் மின்சாரம் இல்லாமல் கம்பிச் சுருக்கை இறுக்கி, சுற்றியுள்ள நல்ல சவ்வையும் கொஞ்சம் சேர்த்து வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். 10 மி.மீ.க்குக் குறைவானவற்றுக்கு அதுதான் இப்போது நல்ல முறை.

அப்புறம் ஒரு விஷயம், நீங்கள் கேட்கவில்லை. 8 மி.மீ. பாலிப் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு ரத்தம் விடுவது அபூர்வம். ரத்தம் பெரும்பாலும் மூலநோயால் வந்திருக்கும், அதற்குத் தனியாக வைத்தியம் பார்க்கவேண்டும். பாலிப்பை எடுத்துவிட்டோம், இனி ரத்தம் வராது என்று இருந்துவிடாதீர்கள். பாலிப் எடுத்த இடத்திலிருந்து ரத்தம் வருவதாக இருந்தால் இரண்டு வாரத்துக்குள் வரும். கோல்டு ஸ்னேரில் அதுவும் குறைவு. கட்டி கட்டியாக ரத்தம் போனாலோ, வயிற்றுவலி காய்ச்சலோடு வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

உங்கள் விஷயம். அப்பாவுக்கு வந்தது சின்ன அடினோமா, அதற்காக 33 வயதில் உங்களுக்குக் கொலனோஸ்கோபி தேவையில்லை. அவருக்கு 60 வயதுக்கு முன்பே குடல் கேன்சரோ, 10 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட அடினோமாவோ இருந்திருந்தால், 40 வயதில், அல்லது அவருக்குக் கண்டுபிடித்த வயதுக்குப் பத்து வருஷம் முன்னதாக, எது முதலில் வருகிறதோ அப்போது ஆரம்பிக்கச் சொல்வோம். குடும்பத்தில் வேறு யாருக்கும் குடல் கேன்சர் இல்லையென்றால் 45 வயதில் யோசிக்கலாம், அதுவும் மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைக் காட்டும் ஃபிட் டெஸ்ட்டில் தொடங்கினாலே போதும். ஆனால் உங்களுக்கே ரத்தம் போனாலோ, காரணம் தெரியாமல் ஹீமோகுளோபின் குறைந்தாலோ வயதுக் கணக்குப் பார்க்க வேண்டாம், டாக்டரிடம் போங்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டை போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். ஏழு வருஷம் கழித்து வேறு ஒரு டாக்டர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.