விலைப்பட்டியல் ஸ்பேமுக்குள் போனால் எங்கே பார்ப்பது?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் மூன்று பேராகச் சேர்ந்து விற்பனை ஏஜென்சி நடத்துகிறோம். மசாலா, அகர்பத்தி, எவர்சில்வர் பாத்திரம் தயாரிக்கும் நிறுவனங்களுக்காகக் கடைகளில் ஆர்டர் பிடிப்பது எங்கள் வேலை. தீபாவளிக்கு முன் 1,200 கடைகளுக்கு விலைப்பட்டியலை மெயிலில் அனுப்பினோம். பலர் வரவே இல்லை என்கிறார்கள், சிலருக்கு ஸ்பேமில் கிடந்திருக்கிறது. ஒரு பெரிய கடைத்தொடரின் கொள்முதல் அதிகாரி, "இது நிஜமான கம்பெனிதானா?" என்றே கேட்டுவிட்டார். மெயிலின் வாசகத்தை மாற்றினால் சரியாகுமா?

பதில்: வாசகத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். 'ஆஃபர்', 'இலவசம்' போன்ற சொற்களை எடுத்துவிட்டால் ஸ்பேம் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பது பழைய நம்பிக்கை. ஜிமெயிலும் அவுட்லுக்கும் முதலில் பார்ப்பது, அனுப்பியவர் உண்மையிலேயே அந்த ஆள்தானா என்பதை. அடுத்து, அவர் முன்பு அனுப்பியவற்றை வாங்கியவர்கள் என்ன செய்தார்கள் என்பதை. கொள்முதல் அதிகாரி கேட்டதும் இந்த முதல் கேள்வியைத்தான். ஆகவே இரண்டையும் ஒரே வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்றே ஒரு சோதனை செய்யலாம். நீங்கள் வழக்கமாக அனுப்பும் அதே வழியில் ஒரு ஜிமெயில் முகவரிக்கு விலைப்பட்டியலை அனுப்புங்கள். கணினியில் அதைத் திறந்து, மூன்று புள்ளியை அழுத்தி 'ஷோ ஒரிஜினல்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கைபேசிச் செயலியில் இது இருக்காது. மேலே மூன்று வரிகள் வர வேண்டும்: எஸ்பிஎஃப் (யார் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகிம் (மெயிலில் இடப்படும் மின் கையெழுத்து), டிமார்க் (இவற்றில் ஒன்றாவது அனுப்புநர் முகவரியோடு பொருந்துகிறதா, இல்லாவிட்டால் மெயிலை என்ன செய்வது என்ற விதி). மூன்றிலும் 'பாஸ்' இருக்க வேண்டும். டிகிம் வரியில் 'பாஸ்' என்பதோடு நின்றுவிடாமல், பக்கத்தில் எந்த டொமைனின் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வருவது) பெயர் இருக்கிறது என்றும் பாருங்கள். சிறு ஏஜென்சிகளில் பெரும்பாலும் அங்கே நீங்கள் வாங்கிய மெயில் மென்பொருளின் பெயர்தான் நிற்கும். கையெழுத்து செல்லும், ஆனால் அது உங்கள் கையெழுத்து அல்ல. அப்போது எஸ்பிஎஃப் பக்கமும் உங்கள் டொமைனோடு பொருந்தாவிட்டால் டிமார்க் தோற்றுவிடும்.

கூகுள் வொர்க்ஸ்பேஸ் (சொந்த டொமைனில் ஜிமெயில் தரும் கட்டணச் சேவை) வைத்திருப்பவர்கள் இதில் அடிக்கடி மாட்டுகிறார்கள். டிகிமை நாமேதான் இயக்க வேண்டும். நிர்வாகப் பக்கத்தில் ஜிமெயில் அமைப்புகளுக்குள் 2048 பிட் சாவியை உருவாக்கி, அதை டிஎன்எஸ்ஸில் (டொமைனின் விவரங்களைச் சொல்லும் இணையப் பதிவேடு) டிஎக்ஸ்டி பதிவாக, அதாவது உரைப் பதிவாகச் சேர்த்து, திரும்பி வந்து 'ஸ்டார்ட் ஆதென்டிகேஷன்' பொத்தானை அழுத்த வேண்டும். பதிவைச் சேர்த்துவிட்டு இந்தக் கடைசிப் பொத்தானை மறப்பவர்கள் நிறைய. இன்னொரு வழுக்கல்: சில ஹோஸ்டிங் பலகங்கள் பதிவின் பெயருக்குப் பின்னால் டொமைனைத் தாமாகவே ஒட்டும். நீங்களும் முழுப்பெயரைக் கொடுத்திருந்தால் டொமைன் இரண்டு முறை வந்து, பதிவு இருந்தும் யாருக்கும் அகப்படாது. மைக்ரோசாஃப்ட் 365 என்றால் டிஎக்ஸ்டி-க்குப் பதிலாக இரண்டு சிநேம் பதிவுகள் (வேறொரு பெயரைச் சுட்டுபவை).

எஸ்பிஎஃப் என்பது உங்கள் பெயரில் யார் யார் மெயில் அனுப்பலாம் என்ற பட்டியல். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம். முதலில் உள்ளூர் ஹோஸ்டிங், பிறகு வொர்க்ஸ்பேஸ், பிறகு இன்வாய்ஸ் மென்பொருள் என்று மாறி மாறி வந்தவர்களிடம் இரண்டு, மூன்று பதிவுகள் கிடக்கும். இரண்டு இருந்தாலே பிழைதான், ஒன்றுகூட எண்ணிக்கைக்கு வராது. எல்லா அனுப்புநரையும் ஒரே வரியில் சேர்த்து மற்றவற்றை அழியுங்கள். அந்த வரி கிளப்பும் டிஎன்எஸ் தேடல்கள் 10-ஐத் தாண்டக் கூடாது. கைவிட்ட சேவைகளை நீக்கினாலே பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். எஸ்பிஎஃப் மட்டும் போதும் என்று விட்டுவிடவும் முடியாது. சின்னக் கடைக்காரர்கள் பலர் கடை முகவரிக்கு வருவதைத் தங்கள் சொந்த ஜிமெயிலுக்குத் திருப்பி வைத்திருப்பார்கள். அப்படித் திருப்பப்படும்போது எஸ்பிஎஃப் உடைந்துவிடும், டிகிம் பெரும்பாலும் தாங்கும்.

டிமார்க் விதியில் 'பி' என்ற மதிப்பை 'நன்' (none: எதையும் தடுக்காமல் கவனிக்க மட்டும்) என்று வைத்துத் தொடங்குங்கள். அறிக்கை வந்து சேர ஒரு முகவரியையும் கொடுங்கள். மூன்று நான்கு வாரம் அறிக்கைகளைப் பார்த்தால், உங்கள் பெயரில் எங்கிருந்தெல்லாம் மெயில் போகிறது என்று தெரியும். நீங்களே மறந்துபோன இன்வாய்ஸ் மென்பொருள் அதில் எட்டிப்பார்க்கும். எல்லாம் சீரானதும் 'குவாரண்டைன்' (பொருந்தாததை ஸ்பேமுக்கு ஒதுக்குவது), அதன்பின் 'ரிஜெக்ட்' (வாங்கவே மறுப்பது). 'நன்' நிலையிலேயே வருடக்கணக்கில் விட்டுவைத்தால் உங்கள் பெயரில் போலி மெயில் போவது நிற்காது.

இனி அந்த 1,200 மெயில். இலவச ஜிமெயில் கணக்கில் ஒரு நாளைக்கு 500 பேர்தான் வரம்பு. ஆண்டு முழுக்க நாளுக்கு இருபது மெயில் போகும் முகவரியிலிருந்து ஒரே காலையில் 1,200 போனால், திருடப்பட்ட கணக்கின் நடத்தையும் அப்படித்தான் இருக்கும் என்பதால் வடிகட்டிகள் உஷாராகும். தீபாவளிக்கு எட்டு வாரம் முன்பே, தவறாமல் பதில் போடும் முப்பது கடைகளிலிருந்து தொடங்குங்கள். பிறகு வாரத்துக்கு வாரம் இரட்டிப்பாக்கலாம். மொத்த அனுப்பலுக்குத் தனி சப்டொமைன் (உங்கள் டொமைனுக்கு முன்னால் ஒரு சொல் சேர்ந்த கிளைப்பெயர்) வைத்து, அதற்கும் டிகிம் போட்டுக்கொள்ளுங்கள். இன்வாய்ஸும் ஆர்டரும் போகும் முதன்மை முகவரியை இந்த வேலைக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். விலைப்பட்டியலுக்கு வரும் புகாரால் இன்வாய்ஸ் ஸ்பேமுக்குப் போனால் நின்றுபோவது உங்கள் வசூல்.

2024 பிப்ரவரி முதல் ஜிமெயில், நாளுக்கு 5,000 மெயிலும் அதற்கு மேலும் அனுப்புபவர்களிடம் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றையும் கேட்கிறது, விளம்பர மெயிலில் ஒரே சொடுக்கில் விலகும் வசதியையும் கேட்கிறது. 2025 மே முதல் அவுட்லுக், ஹாட்மெயில் முகவரிகளுக்கும் அதே அளவில் இந்த மூன்று சோதனைகள் வந்துவிட்டன. உங்கள் எண்ணிக்கை அந்த எல்லையைத் தொடாது. ஆனாலும் இவற்றைச் செய்துவிடுங்கள். புகார் விகிதம் 0.1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 0.3-ஐ எட்டவே கூடாது என்பது ஜிமெயிலின் கணக்கு. ஜிமெயில் பெட்டிகளுக்கு 600 மெயில் போய், இரண்டே பேர் 'ஸ்பேம்' என்று அழுத்தினால் 0.33 ஆகிவிடும். ஆகவே விலகும் இணைப்பை ஒளித்துவைக்காதீர்கள். விலக வழி தெரியாதவர் ஸ்பேம் பொத்தானைத்தான் அழுத்துவார். 'அப்படி முகவரி இல்லை' என்று 550 என்ற பிழை எண்ணில் தொடங்கித் திரும்பி வருபவற்றை அன்றே பட்டியலிலிருந்து எடுங்கள். 421 என்று வந்தால் அது தற்காலிகத் தடை. வேகத்தைக் குறைத்துப் பிறகு முயலலாம்.

அந்த 1,200 முகவரிகளும் எங்கிருந்து வந்தன? விலைக்கு வாங்கிய பட்டியலாக இருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். தென்னாப்பிரிக்காவின் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியாவின் 69-ஆம் பிரிவுப்படி, வாடிக்கையாளர் அல்லாதவருக்கு விளம்பர மெயில் அனுப்ப அவருடைய சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதத்தைக் கேட்க ஒரே ஒரு முறைதான் அணுகலாம். எதிரே இருப்பது கம்பெனிதானே என்று தப்பிக்கவும் வழியில்லை, ஏனென்றால் இந்தச் சட்டம் நிறுவனங்களின் தகவலையும் காக்கிறது. ஏற்கெனவே வாங்கிய வாடிக்கையாளருக்கு அனுப்பலாம், ஆனால் உங்களுடைய அதே வகைப் பொருளுக்கு மட்டும். ஒவ்வொரு மெயிலிலும் மறுக்க வாய்ப்புத் தர வேண்டும். ஏஜென்சிகள் இங்கேதான் கவனிக்க வேண்டும். மசாலா நிறுவனத்துக்காகச் சேர்த்த கடைப் பட்டியலை எடுத்துப் பாத்திர விலைப்பட்டியல் அனுப்புவது அந்த விலக்குக்குள் அடங்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். யார் சார்பில் அனுப்புகிறீர்கள் என்பதும் மெயிலிலேயே இருக்க வேண்டும். இந்தச் சட்டத்தின் கீழ் நிர்வாக அபராதம் ஒரு கோடி ராண்ட் வரை போகலாம்.

கொள்முதல் அதிகாரியின் சந்தேகத்துக்கு வருவோம். அனுப்புநர் பெயரில் தயாரிப்பாளரின் பிராண்டை மட்டும் போட்டு, முகவரி வேறு டொமைனாக இருந்தால் அது மோசடி மெயில் மாதிரியே தெரியும். உங்கள் ஏஜென்சியின் பெயரையே போடுங்கள். அடியில் பதிவுபெற்ற கம்பெனிப் பெயர், பதிவு எண், தெரு முகவரி, தொலைபேசி எண் இருக்கட்டும். பெயரும் பதிவு எண்ணும் கடிதங்களிலும் இன்வாய்ஸிலும் இருக்க வேண்டும் என்று 2008-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டமே சொல்கிறது. உங்களை ஏஜென்டாகக் குறிப்பிட்டுத் தயாரிப்பாளர் தம் இணையதளத்தில் ஒரு வரி போட்டால், அந்த இணைப்பு எந்த அத்தாட்சிக் கடிதத்தையும்விட வலுவானது. விலைப்பட்டியலைச் சாதாரண பிடிஎஃப்-ஆக அனுப்புங்கள். கடவுச்சொல் போட்ட ஜிப் கோப்பையும் மேக்ரோ (தானாக ஓடும் கட்டளைகள்) உள்ள எக்ஸலையும் பெரிய நிறுவனங்கள் வாசலிலேயே நிறுத்திவிடும். சுருக்கு இணைப்புகளும் வேண்டாம்.

வங்கி விவரம் மெயிலில் மாறவே மாறாது என்று ஒவ்வொரு இன்வாய்ஸிலும் எழுதுங்கள். வீடு வாங்கிய ஒருவர், பத்திர வேலையைக் கவனித்த வழக்கறிஞர் நிறுவனத்தின் பெயரில் வந்த, இடைமறித்து மாற்றப்பட்ட மெயிலை நம்பி 55 லட்சம் ராண்டை மோசடிக் கணக்கில் போட்டார். அவர் கொடுத்த வழக்கில், தென்னாப்பிரிக்காவின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 ஜூனில் அந்த வழக்கறிஞர் நிறுவனத்தைப் பொறுப்பாக்க மறுத்துவிட்டது. கணக்கு விவரத்தை அவரே சரிபார்த்திருக்க முடியும் என்பது அதற்கு ஒரு காரணம். அதனால் உங்கள் வாடிக்கையாளரிடம், பணம் போடுமுன் தமக்கு ஏற்கெனவே தெரிந்த எண்ணில் கூப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். மெயிலில் இருக்கும் எண்ணில் கேட்பது சரிபார்ப்பு ஆகாது.

எல்லாம் சரிசெய்த பிறகும் அந்தக் கடைத்தொடருக்கு மட்டும் போகவில்லை என்றால், திரும்பத் திரும்ப அனுப்பாதீர்கள். அவர்களுக்கு அனுப்பிய மெயிலின் 'ஷோ ஒரிஜினல்' பக்கத்தில் முதலில் இருக்கும் மெசேஜ் ஐடி-யையும், அனுப்பிய தேதி நேரத்தையும் எடுத்துக்கொண்டு கொள்முதல் அதிகாரியைத் தொலைபேசியில் அழையுங்கள். அவற்றைத் தம் ஐடி பிரிவிடம் கொடுத்து 'மெசேஜ் டிரேஸ்' பார்க்கச் சொன்னால், மெயில் எந்த விதியில் சிக்கியது, எங்கே கிடக்கிறது என்பதை அவர்கள் சில நிமிடங்களில் சொல்லிவிடுவார்கள்.