லட்ச ரூபாய் கீபோர்டும் பின்னால் இருக்கும் சின்ன ஓட்டையும்

விலை உயர்ந்த இசைக் கீபோர்டுகளில் வடிவமைப்பில் எங்கே கோட்டை விடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒலியில் எனக்குப் புகாரே இல்லை. என் வயிற்றெரிச்சல் எல்லாம் கரண்ட் உள்ளே நுழையும் ஓட்டையைப் பற்றித்தான்.

கல்யாணக் கச்சேரிகளில் வாசிப்பவன் நான். லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய கீபோர்டு. கம்பெனி பெயர் வேண்டாம். அதற்குக் கொடுத்திருப்பதோ வீட்டு மோடத்துக்கு வருவது மாதிரி ஒரு அடாப்டர். ஒரு வரவேற்பில் இரண்டாவது சரணத்தின்போது யாரோ ஒயரை மிதிக்க, செருகியிருந்த முனை நழுவித் திரை இருண்டது. மறுபடி செருகினால் அது எழுந்து உட்கார ஒன்றரை நிமிடம். அதுவரை தபலா அண்ணன்தான் பாடகியைக் காப்பாற்றினார். அப்புறம் திறந்து பார்த்தேன். சாக்கெட்டை உடம்போடு திருகவே இல்லை. சர்க்யூட் போர்டில் ஈயப் பற்று மட்டும்தான். ஒயர் இழுபடும்போதெல்லாம் அடி அந்தப் பற்றுக்குத்தான். இப்போது ஒயரை ஸ்டாண்டில் ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டிவிட்டுத்தான் செருகுகிறேன்.

வடிவமைப்பில் கோட்டை விடுவதில் பழைய ஜாம்பவான் கீபோர்டுகளும் சளைத்தவை அல்ல. 1991-இல் வந்த ரோலண்ட் ஜேடி-800-இல் கட்டைகளுக்கு அடியில் எடைக்காக உலோகத் துண்டுகளைச் சிவப்புப் பசையால் ஒட்டினார்கள். வருடங்கள் போகப் போகப் பசை இளகி, ஜவ்வு மிட்டாய் மாதிரி கீழே வழிந்து, கட்டைகள் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு கட்டையாகக் கழற்றிக் காஸ்டிக் சோடாவில் ஊறவைக்கிறார்கள். 61 கட்டைகள்!

அதே கம்பெனியின் ஜூனோ-106-இல் ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய ஆறு ஸ்வரங்களுக்கும் (இவற்றைக் குரல்கள் என்பார்கள்) தனித்தனிச் சிப். சிப்பைக் காக்கப் பூசிய பிசினே நாளடைவில் மின்சாரத்தைக் கசியவிட்டு ஒலியைக் கெடுக்கிறது. அசிட்டோனில் ஊறவைத்துப் பிசினை உரித்தால் பல சிப்புகள் பிழைத்துக்கொள்கின்றன. காவலாளியே திருடன் என்பது இதுதான்.

பேட்டரி இன்னொரு தலைவலி. யமஹா டிஎக்ஸ்7 (1983) தன் 32 ஒலிகளை நினைவில் வைத்திருப்பது ஒரு நாணயப் பேட்டரியின் தயவில். அதையும் கழற்ற முடியாதபடி ஈயம் வைத்துப் பற்றியிருப்பார்கள். மாற்றும் முன் ஒலிகளை வேறெங்காவது சேமிக்காவிட்டால் எல்லாம் போச்சு. கோர்க் பாலிசிக்ஸ் (1981) இன்னும் மோசம். உள்ளே இருக்கும் ரீசார்ஜ் பேட்டரி வயதானதும் கசிந்து, போர்டின் செம்புத் தடங்களையே அரித்துவிடும். யாராவது செகண்ட் ஹேண்டில் விற்றால், வாசித்துப் பார்க்கும் முன் மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். பேட்டரியைச் சுற்றிப் பச்சை பூத்திருந்தால் விலையே பேசாதீர்கள்.